எட்டா, பதினாறா

ஆடிக் காற்று சோலூர் மேட்டுச் சவுக்கு மரங்களைப் போட்டு அலைக்கழித்துக்கொண்டிருந்த அந்த மாதம் முழுக்க, பொழுது சாயும் நேரத்தில் சின்னராஜ் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய் நிற்பார். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. தொட்டியின் மேற்குப் பக்கமாகச் சுவரோடு ஒட்டி நின்றால், கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் கலைமதியின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோலக் கேட்கும். சாரல் காதுக்குள் அடிக்கும். கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிற்பார்.

அவர் இலை லாரி டிரைவர். சிறு விவசாயிகள் பறித்து வைக்கிற பச்சை இலையை ஊர் ஊராகப் போய் ஏற்றி, இருட்டுமுன்னே ஃபேக்டரியில் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. அவருடைய அப்பா, அன்னூர்ப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷத்தில் மலையேறி வந்து எஸ்டேட்டில் சேர்ந்தவர். சின்னராஜ் பிறந்தது, லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டது, ஸ்டியரிங் பிடித்தது, மருதாம்பாளைக் கட்டியது எல்லாம் இந்த மலையில்தான். கிளென்மார்கனிலிருந்து சோலூர் பஜார் வரைக்கும் எந்த வளைவில் காட்டெருமை நிற்கும், எந்த இறக்கத்தில் காலைப் பனி வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. முன்னேயும் விழுந்திருக்கிறது, எழுந்திருக்கிறது. இந்த முறை விழுந்தது எழவில்லை. இலையை விற்று வருகிற காசு பறிக்கிற ஆள் கூலிக்கே போதவில்லை என்று விவசாயிகள் பறிப்பதை விட்டார்கள். இடுப்பளவு இருந்த செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்துக் காய்த்து நின்றன. ஃபேக்டரியில் மூன்று லாரி ஓடியது ஒன்றானது. அந்த ஒன்றும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடி, பிறகு ஷெட்டில் ஏறியது. ஃபேக்டரி மூடி அடுப்பு அணைந்த பிறகு, ஊரில் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்த அந்த வறுத்த வாசம் இல்லாமல் போனது. வேறு எங்காவது போய் ஓட்டலாமென்றால், சர்க்கரை வியாதி இடது கண் பார்வையில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. கனரக வண்டி லைசென்சுக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதற்கெல்லாம் முந்தின வருஷம் மருதாம்பாள் போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டில் பேசுகிற ஆள் அவள்தான். மகளோடு தொட்டியடியில் நின்று போனில் மணிக்கணக்கில் பேசிவிட்டு, "உங்கப்பாகிட்டக் குடுக்கறேன் இரு" என்று கடைசியில் நீட்டுவாள். அவர் வாங்கி, "நல்லாருக்கயா அம்மணி" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பேச வேண்டிய எல்லாவற்றையும் அவளே பேசி முடித்திருப்பாள். அவள் போன பிறகு போன் நேராக இவர் கைக்கு வந்தது.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு அம்மணி. நீயி?"

"ம். அங்க மழைங்களா?"

"மழைதான்."

"செரிங்ப்பா, வெச்சர்றேன்."

"ஆகட்டும்."

அவ்வளவுதான். போனை வைத்த பிறகு சின்னராஜ் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். சொல்ல வேண்டியது ஏதோ விட்டுப்போனதுபோல இருக்கும். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

சித்திரையில் கண்ணைக் காட்டக் கோயமுத்தூர் போனவர், காந்திபுரத்தில் கலைமதி வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தார். அவள் கம்ப்யூட்டர் பொட்டியைப் பிரித்துப் பாகங்களைப் பூட்டுகிற வேலை செய்கிறாள். தங்குவது பெண்கள் ஹாஸ்டலில், அப்பாவை அங்கே கூட்டிப்போக முடியாது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன். "அப்பாவ சும்மா உக்கார வெக்காத கலை, அந்த லாரி கேமைப் போட்டுக் குடு" என்றார்.

மேஜையில் ஒரு ஸ்டியரிங் மாட்டியிருந்தது. கீழே மூன்று பெடல். திரையில் எந்தத் தேசத்து ரோடோ விரிந்தது. இருபக்கமும் ஊசியிலை மரம், தூறல், கண்ணாடியில் வைப்பர். சின்னராஜ் முதலில் நாற்காலியை முன்னே இழுத்துச் சரி செய்தார். இடுப்பை நிமிர்த்தினார். "கை பிரேக் எங்க அம்மணி?" என்று கேட்டார். அவள் காட்டினாள். அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்கி, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் ஓர் ஊரின் எல்லையில் நிறுத்தினார். நிறுத்திய பிறகும் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, கலைமதி டீ டம்ளரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். டீயில் ஆடை படர்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ, கூப்பிடவே இல்லை.

அந்த ஞாபகத்தில்தான் ஒரு சாயங்காலம், "வெச்சர்றேன்" என்று அவள் சொல்லும் முன்னே கேட்டுவிட்டார்.

"அம்மணி, அந்தப் பொட்டியாட்ட ஒண்ணு நம்மூட்டுல வெக்கோணும்னா என்னென்ன வேணும்?"

"உங்களுக்குங்களாப்பா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டாலும் சொல்றேன், இருங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ப்ராசசர் என்றாள், கிராபிக்ஸ் கார்டு என்றாள், எதற்கு எது பொருந்தும், எது சூடாகும், எதைப் பழசாகவே வாங்கிக்கொள்ளலாம் என்றெல்லாம் விளக்கினாள். அவருக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் அந்தக் குரல்! மருதாம்பாளோடு பேசும்போது போனை மீறிப் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்குமே, அந்தக் குரல். செருப்புக்குள் தண்ணீர் ஏறியதுகூடத் தெரியாமல் நின்றார்.

மறுநாளிலிருந்து இதுவே பேச்சானது. ஃபேக்டரி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கிவிட்டார். ஒரு நாள் ப்ராசசர் முடிவானது. இன்னொரு நாள் திரை. ஸ்டியரிங்கைக் கடைக்காரர் பழசு ஒன்று தருவதாகச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது மெமரி மட்டும்.

"எட்டு ஜிபியா பதினாறான்னு நீங்கதான் சொல்லோணும்."

"மெமரின்னா அந்தப் படமெல்லாம் அதுக்குள்ளதான கெடக்கும்?"

"அது டிஸ்க்குங்ப்பா. அது ஃபேக்டரி கோடவுன் மாதிரி, எல்லாமே அங்க அடுக்கியிருக்கும். நீங்க ஓட்டறப்ப, அந்த நேரத்துக்கு வேணுங்கறத மட்டும் எடுத்துக் கைக்குப் பக்கத்துல வெச்சுக்கும் பாருங்க, அதான் மெமரி. ரோடு, மரம், எதுக்க வர்ற வண்டி..."

"அது பத்தலீன்னா?"

"மறுக்கா மறுக்கா கோடவுனுக்கு ஓடும். படம் நின்னு நின்னு வரும்."

"வளைவு வந்துரும், மரம் வராது."

கலைமதி சிரித்துவிட்டாள். "ஆமாங்ப்பா. நீங்க பாட்டுக்கு ஒடிச்சுத் திருப்பீருவீங்க, மரம் பின்னால வந்து நிக்கும்."

அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. எட்டு போதும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்த கேமுக்கு எட்டே போதும் என்று அவளும் சொன்னாள். ஆனாலும் சின்னராஜ், "ரோசன பண்ணிச் சொல்றேன்" என்றார்.

பக்கத்துத் தோட்டக்காரர் நஞ்சப்பன் அப்போது தேயிலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கேரட் போடப்போகிறார். வேர் ஒவ்வொன்றும் தொடை கனம். சங்கிலி போட்டு இழுத்தாலும் மண் விடாமல் பிடித்துக்கொண்டது. வேலையற்று இருக்கிற சின்னராஜும் போய்க் கை கொடுத்தார். மழை ஓய்ந்த இடைவெளியில் இருவரும் பிடுங்கிப் போட்ட வேர்மேலேயே உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தார்கள்.

"ஏன் டிரைவரே, தினம் சாயங்காலம் தொட்டிகிட்ட நின்னு எட்டு, பதினாறுங்கறீங்க. மருந்துக் கணக்கா?" என்று நஞ்சப்பன் கேட்டார்.

"கம்ப்யூட்டருங்க. பாப்பா பூட்டித் தரேங்குது. மெமரி எட்டு போடறதா பதினாறான்னு ஒரே கொழப்பம்."

"ஜாஸ்தி போட்டா என்னாகும்?"

"நெறையா நெனப்புல இருக்குமாமா."

நஞ்சப்பன் பிடுங்கிப் போட்டிருந்த வரிசையைப் பார்த்தார். "அப்ப எட்டே போடுங்க. இருக்கிற நெனப்பே நம்மளைத் தூங்க விடமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து சங்கிலியைத் தூக்கினார்.

அதையும் அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னார். அவள் மறுபடி சிரித்தாள். மறுநாள் சொல்ல ஒன்றும் இல்லாததால் ஒரு சந்தேகத்தைத் தேடிப் பிடித்தார். "இந்தக் குளிருக்கு மெமரி தாங்குமா அம்மணி?" குளிர் நல்லதுதான் என்றாள். அடுத்த நாள், "எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவால பன்னெண்டுன்னு ஒண்ணு கெடையாதா?" போடலாம், ஆனால் சோடி சேராது என்று விளக்கினாள். அதற்கடுத்த நாள், கூடலூரில் ஒருத்தர் முப்பத்திரண்டு போட்டிருப்பதாகக் கேள்வி என்றார். கூடலூரில் அவருக்கு அப்படி யாரையும் தெரியாது. பகலெல்லாம் அரிசிம்பருப்புச் சோறு கிளறும்போதும் துணியை அடுப்பு மேல் காயப்போடும்போதும் அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார். ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் அன்றைய பொழுது லேசாகிவிடும்.

ஒரு நாள் கலைமதியின் குரலில் சோர்வு இருந்தது. வந்த சரக்கில் பாதி பழுதென்று காலையிலிருந்து யாரிடமோ பேச்சு வாங்கியிருக்கிறாள்.

"மெமரிக்கு மேல சில்லு மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்குன்னயே, அது எதுக்குன்னு..."

"அப்பா, போன வாரமே சொன்னனுங்க."

"மறந்துட்டனாட்ட இருக்குது."

"நீங்க மறக்கலீங்க. எல்லாச் சாமானையும் முதலாளி தனியா எடுத்து வெச்சு எத்தன நாளாச்சு தெரியுங்களா? தெனமும் கேக்கறாரு. எட்டுன்னா எட்டு, பதினாறுன்னா பதினாறு. வாங்கறீங்களா, இல்ல வேண்டாங்களா? அதையாச்சும் சொல்லுங்க."

சின்னராஜ் தொட்டிச் சுவரில் வழிகிற தண்ணீரைப் பார்த்தார். பொய் ஒன்று சொல்லலாமென்று வாயைத் திறந்தவருக்கு உள்ளதுதான் வந்தது.

"வாங்கிப் போட்டுட்டா, அப்புறம் நாம என்ன நாயம் பேசறது அம்மணி?"

அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கடைக்குள் யாரோ விலை கேட்டார்கள். "ஆளு வந்துட்டாங்கப்பா" என்று அவள் சொன்னாள். போன் நின்றுவிட்டது.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளையின் வேலை நேரத்தில் தினமும் நின்று வெட்டிப் பேச்சு பேசியிருக்கிறோம், அதை வாயாலேயே ஒத்துக்கொண்டும்விட்டோம் என்று தன்னையே வைதுகொண்டார். மறுநாள் தொட்டியடிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மழை விடாமல் பிடித்துக்கொண்டது. நஞ்சப்பனும் வேலையை நிறுத்திவிட்டு மகளைப் பார்க்கக் கோத்தகிரி போய்விட்டார். மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. ரேடியோவைப் போட்டால் இரைந்தது. ஒரு நாள் முழுக்கத் தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது, கடையில் போய்ச் சீனி இல்லாத பிஸ்கட் கேட்கும்போது தொண்டை கட்டியிருந்ததிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை ஃபேக்டரி காவலாளி ஆறுச்சாமி ஆளனுப்பினார். லாரியை மேட்டுப்பாளையத்து ஆள் ஒருவர் வாங்கிவிட்டார், எடுத்துப்போக வந்திருக்கிறார்கள், ஜாக்கி எங்கே வைத்திருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போகணுமாம். சின்னராஜ் குடையைப் பிடித்துக்கொண்டு போனார். ஷெட்டுக்கு வெளியே லாரி கழுவி நின்றது. அதைக் கழுவி அவர் பார்த்ததில்லை. எப்போதும் இலைச் சாறும் செம்மண்ணும் ஏறிக் கிடக்கும். பாடிக் கம்பியில் ஒரே ஓர் இலைக்கொழுந்து கருகி ஒட்டியிருந்தது.

வந்த டிரைவர் சின்ன வயசு. ஏறி ஸ்டார்ட் பண்ணி கியரைப் போட்டான். கர்ரென்று அலறியது. சின்னராஜுக்குத் தன் பல்லில் பட்டதுபோல இருந்தது. பக்கத்தில் போய்க் கதவைத் தட்டினார்.

"ரெண்டாவது கியரு கொஞ்சம் மொரண்டு பண்ணும் தம்பி. மேலாப்புல தூக்கிப் போடுங்க. அதட்டிப் போட்டா விழுகாது."

"செரிங்ணா."

"எறக்கத்துல போறப்ப நியூட்ரல்ல உட்ராதீங்க. பிரேக்கு செத்த கழிச்சுத்தான் புடிக்கும்."

"செரிங்ணா, பாத்துக்கறேன்" என்றான். அவன் கிளம்பும் அவசரத்தில் இருந்தான். லாரி தலைகுந்தா ரோட்டில் இறங்கிப் பனிக்குள் போனது. பின் விளக்கு மறைந்த பிறகும் சத்தம் கேட்டது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று அவர் காதாலேயே கூடப் போனார். மூன்றாவது வளைவுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

"டீ போடட்டுங்களா?" என்று ஆறுச்சாமி கேட்டார்.

"வேண்டாம் ஆறுச்சாமி. ஊட்டுக்குப் போறேன்."

ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கால் தானாகத் தொட்டியடிக்கு வந்திருந்தது. சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்தால், முன்னே அடித்த அழைப்புகள் வரிசையாக நின்றன. வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் ஒன்றும் வந்து சேரவில்லை. அதற்குள் கலைமதியே மறுபடி அழைத்துவிட்டாள்.

"ஏனுங்ப்பா, எங்க போனீங்க? மூணு நாளா அடிச்சுட்டே இருக்கறேன். நம்மூருக் கடக்காரருக்கு அடிச்சா, பிஸ்கட்டு வாங்கிட்டுப் போனாருங்கறாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"இங்கதான் அம்மணி. மழை."

"மழைன்னா பேசக்கூடாதுங்களா?"

அவர் லாரி போன ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "லாரிய வித்துட்டாங்க. இப்பத்தான் கொண்டுட்டுப் போறாங்க" என்றார்.

வைத்துவிட்டாளோ என்று பார்த்தார். வைக்கவில்லை.

"பதினாறு போட்டுட்டங்ப்பா" என்றாள்.

"எட்டு போதும்னயே?"

"தனியா ஓட்டறதுக்கு எட்டு போதுங்க. நேத்துக் கடை சாத்தினதுக்கப்புறம் உக்காந்து பாத்தேன். அதுல இன்னொருத்தரும் கூட ஓட்டலாம்ப்பா. அவங்க வேற ஊர்ல இருந்தாலும், ஒரே ரோட்ல, முன்னும் பின்னுமா. அப்படி ஓட்டுனா எட்டு பத்தல, நின்னு நின்னு வருது. அதான் பதினாறு."

"என்கூட யாரு அம்மணி ஓட்டப்போறா?"

"நாந்தான். முதலாளிகிட்டக் கேட்டுட்டேன். கடை சாத்துனப்புறம் டெமோ சிஸ்டத்துல ஓட்டிக்கச் சொல்லிட்டாரு."

சின்னராஜ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் நின்று துடைத்து என்ன ஆகப்போகிறது.

"உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் அட்டைப் பெட்டிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மருதாம்பாளின் தையல் மெஷின் மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் பூட்டினாள். கேபிள்காரர் வந்து நெட் இழுத்துக் கொடுத்தார். அது வந்தபிறகு போன் வீட்டுக்குள்ளேயே பேசியது. இரவு அவளுக்குப் பிடித்த பீன்ஸ் பொரியல் செய்து போட்டார். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து பெரும்பாலான நாள் கடை சாத்திய பிறகு அவள் கேமுக்குள் வருவாள். திரையில் தெரிகிற பக்கக் கண்ணாடியில் அவளுடைய பச்சை லாரி வரும். கோணல்மாணலாகத்தான் ஓட்டினாள். வேலியில் ஏறுவாள், பாலத்தில் இடிப்பாள். "எறக்கத்துல கிளச்ச மிதிக்காத அம்மணி" என்று இவர் போனில் கத்துவார். சில நாள் நெட் போய்விடும். கண்ணாடியில் இருந்த பச்சை லாரி இருந்த இடம் தெரியாமல் காணாமல்போகும். அப்படியான நாட்களில் வீடு முன்னைவிடச் சத்தமற்றுப் போனதுபோல் அவருக்குத் தோன்றும். பொட்டியின் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

புரட்டாசியில் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு வந்தது. அன்றைக்கு அவர் வண்டியை எடுத்து ரோட்டோரம் ஒதுக்கிக் காத்திருந்தபோது போன் அடித்தது.

"அப்பா, இன்னிக்கு ஓட்ட முடியாதுங்க. கோடவுன்ல நிக்கறேன். ரொம்பக் கெடக்குது."

"அதுக்கென்ன. வேலையப் பாரு. சாப்டியா?"

"இல்லீங்க, முடிச்சுட்டுத்தான். நீங்க?"

"ரசம் வெச்சேன். மழையில்ல இன்னிக்கு."

"செரிங்ப்பா."

"ஆகட்டும்."

இரண்டு பேரும் வைக்கவில்லை. பிறகு அவள், "போனை வெக்காதீங்கப்பா. ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வெச்சுட்டு நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. நான் பாட்டுக்கு எண்ணிட்டிருக்கறேன்" என்றாள்.

"பேசாமயா?"

"பேசோணும்னா பேசலாம்."

அவர் போனைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கை பிரேக்கை எடுத்து வண்டியை ரோட்டில் ஏற்றினார். போனுக்குள் அட்டைப் பெட்டிகள் நகர்ந்தன. டேப்பைக் கிழிக்கிற சத்தம். அவள் வாய்க்குள் எண்ணுவது கேட்டது, ஓரிடத்தில் தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு முறை தும்மினாள். வெகுநேரத்துக்கு அப்புறம், "மேடு ஏறுறீங்களாப்பா? சத்தம் மாறுது" என்றாள். "ஆமா, ரெண்டாவதுல போறேன்" என்றார். அவள் மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

சரக்கு இறக்க வேண்டிய ஊர் வந்துவிட்டது. விளக்குகள் தெரிந்தன. அடுத்த திருப்பத்தில் இடப்பக்கம் ஒடிக்கும்படி திரையில் அம்புக்குறி மின்னியது. சின்னராஜ் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் யாருமில்லை, வெறும் ரோடு. போனுக்குள் அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். போட்டிருந்த இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகவே ஓட்டினார்.